பதில்: பெர்லினில் கானா நாட்டு நண்பருக்கு வாடகை வீடு மறுப்பு

வாடகை வீடு கேட்ட உங்கள் நண்பர் தன் பெயரைச் சொன்னதுமே "வீடு போய்விட்டது" என்றார்கள், விளம்பரமோ இன்னும் அப்படியே இருக்கிறது என்கிறீர்கள். முதலில் அதைத் தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நாளைக்கே காணாமல் போகலாம்.

அடுத்து, ஜெர்மன் பெயருள்ள ஒருவர் அன்றைக்கே அதே வீட்டுக்கு எழுதட்டும். வேலை, சம்பளம், ஆள் எண்ணிக்கை எல்லாம் நண்பருடையது போலவே இருக்க வேண்டும். சம்பளத்தைக் கூட்டிப் போட்டால் சோதனை வீண்: "வருமானம் பார்த்துத்தான் கூப்பிட்டோம்" என்று நழுவிவிடுவார்கள். அவரை மட்டும் வீடு பார்க்க அழைத்தால், ஜெர்மனியின் 2006-ம் ஆண்டு சமநடத்தைச் சட்டத்தின் 22-வது பிரிவுப்படி, பாகுபாடு இல்லை என்று நிரூபிக்கும் பாரம் வீட்டுக்காரர் தலையில் விழும்.

போன் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்ய வேண்டாம். அங்கே அது குற்றம். புகார் கொடுத்தவரே மாட்டிக்கொள்வார். பேசி முடித்த கையோடு, சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி வைத்தால் போதும்.

வீட்டுக்காரர் அதே வளாகத்தில் குடியிருந்தால் சட்டம் பெரும்பாலும் கைகொடுக்காது, அநியாயம்தான். இல்லையென்றால் இழப்பீட்டை 2 மாதத்துக்குள் கேட்க வேண்டும், பதிவுத் தபாலில் கேட்பது நல்லது. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஜெர்மன் கூட்டரசின் பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலகம் இலவச ஆலோசனை தரும். ஆனால் அங்கே எழுதிவிட்டுக் காத்திருந்தால் கெடு நிற்காது.