எழுத்தாளரைப் பேராசிரியராக எடுக்கலாமா?

கேள்வி: எங்களுடையது தன்னாட்சிக் கலைக் கல்லூரி. இளங்கலைத் தமிழில் படைப்பிலக்கியத் தாள் ஒன்று வைத்திருக்கிறோம். அதை நடத்த ஓர் எழுத்தாளரை எடுக்க ஆசை. ஆனால் அவருக்கு நெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வுச் சான்றும் இல்லை, பிஎச்.டி.யும் இல்லை. வழி உண்டா? நேர்காணலில் எதைப் பார்ப்பது?
- துறைத் தலைவர் ஒருவர்

பதில்: உதவிப் பேராசிரியராக எடுக்க வழியில்லை. கௌரவ விரிவுரையாளராக அழைத்தாலும் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அதே தகுதியைத்தான் கேட்கிறது. உங்களுக்குப் பொருந்துவது 2022இல் யுஜிசி கொண்டுவந்த 'பிராஃபசர் ஆஃப் பிராக்டிஸ்' பதவி. பட்டம் கட்டாயமில்லை, தன் துறையில் 15 ஆண்டு அனுபவம் வேண்டும். இலக்கியமும் அந்தத் துறைகளில் ஒன்று. முதலில் ஓராண்டு வரை, பிறகு நீட்டித்து மொத்தம் மூன்றாண்டு, மிஞ்சினால் நான்கு. இப்படி எடுப்பவர்களின் எண்ணிக்கை அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பலர் கவனிக்காத நிபந்தனை ஒன்று உண்டு: ஆசிரியப் பணியில் இருப்பவரோ அதிலிருந்து ஓய்வுபெற்றவரோ இதில் வர முடியாது. தமிழில் எழுதுகிறவர்களில் கல்லூரி ஆசிரியர்கள் கணிசம் என்பதால், நீங்கள் போடும் பட்டியலில் பாதிப் பெயர் அங்கேயே அடிபடலாம். தேர்வுக் குழுவில் உங்கள் மூத்த பேராசிரியர் இருவரும் வெளியிலிருந்து ஒரு வல்லுநரும் இருக்க வேண்டும்.

நேர்காணலில் விருதுகளைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு ஆளை எடுத்துவிடாதீர்கள். நன்றாக எழுதுகிறவர் எல்லாரும் அடுத்தவர் எழுத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் அல்லர். மாணவர் எழுதிய இரண்டு பக்கக் கதையைப் பெயர் நீக்கிக் கொடுத்து, இருபது நிமிடத்தில் ஓரத்தில் குறிப்பெழுதச் சொல்லுங்கள். 'அம்மா மிகுந்த சோகத்தோடு சமையலறையில் நின்றாள்' என்று ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள். ஒருவர் அதை அடித்துவிட்டுத் தன் நடையில் அழகான வரி ஒன்றை எழுதுவார். இன்னொருவர், 'அடுப்பு எரிகிறதா? கையில் என்ன இருக்கிறது?' என்று மட்டும் கேட்டு வைப்பார். இரண்டாமவரை எடுங்கள். முதலாமவரிடம் படித்தால் ஆண்டு முடிவில் எல்லாக் கதையும் அவர் எழுதியதுபோலவே இருக்கும். பிறகு ஒரு சங்கப் பாடலையும் ஒரு சிறுகதையையும் பாடமாக நடத்தச் சொல்லுங்கள். வாசிக்கக் கற்றுத்தர வராதவர் இந்தத் தாளுக்கு உதவமாட்டார்.

ஊதியம் பேசும்போது வகுப்பு மணியை மட்டும் எண்ணாதீர்கள். 40 மாணவர், பருவத்துக்கு ஆளுக்கு மூன்று படைப்பு, ஒன்றுக்குக் கால் மணி நேரம் என்றாலே திருத்த 30 மணி நேரம் போய்விடும். அதை நியமன ஆணையிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது மாதத்திலிருந்து தாள்கள் 'நன்று' என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பி வரும். வகுப்பையும் இருபது இருபது பேராகப் பிரித்துவிடுங்கள்.

மதிப்பெண் விஷயத்தையும் முன்பே முடியுங்கள். மூன்று மணி நேரத் தேர்வு வைத்தால் மனப்பாடம் செய்த கவிதைதான் வரும். முதல் வரைவும் திருத்திய வரைவும் சேர்ந்த கோப்புக்கு மதிப்பெண் என்று பாடத்திட்டக் குழுவில் தீர்மானம் போட்டுவிட்டு, அப்புறம் ஆளைத் தேடுங்கள்.