தார்ச்சாலைக்கு எத்தனை டன் கலவை தேவை? – கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தெரு 100 மீட்டர் நீளம், 12 அடி அகலம். 40 மில்லிமீட்டர் கனத்தில் தார்க்கலவை போட எவ்வளவு வேண்டும்?

பதில்: முதலில் எல்லா அளவையும் மீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 12 அடி என்பது 3.66 மீட்டர், எனவே பரப்பு 366 சதுர மீட்டர், கன அளவு 14.64 கன மீட்டர். நன்கு இறுகிய கலவை கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.35 டன் இருக்குமாதலால், 34.4 டன் தேவை. ஓரங்களிலும் கையால் பரப்பும் இடங்களிலும் வீணாவதற்கு 5 சதவீதம் சேர்த்து 36 டன் என்று கேளுங்கள்.

கேள்வி: பரப்பும்போது அளந்து பார்த்தோம், 40 மில்லிமீட்டர் சரியாக இருந்தது. அது போதும்தானே?

பதில்: போதாது. ஒப்பந்தத்தில் எழுதும் கனம் ரோலர் ஓட்டி இறுகிய பிறகு இருக்க வேண்டிய கனமாகும். 40 மில்லிமீட்டர் நிற்க வேண்டுமானால், பரப்பும்போது சுமார் 50 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். எனவே லாரிகளின் எடைச்சீட்டுகளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவுக்கு மொத்தம் 27 டன்தான் வந்திருந்தால், அதை 366ஆலும் 2.35ஆலும் வகுத்துப் பாருங்கள். சராசரிக் கனம் 31 மில்லிமீட்டர்தான் என்பது தெரிந்துவிடும். பொதுப்பணத்தில் போடும் சாலைக்கு இந்தக் கணக்கைக் கேட்பது மக்களின் உரிமை.

கேள்வி: பழைய சாலை மேடும் பள்ளமுமாக இருக்கிறது. அதற்குத் தனிக் கணக்கு உண்டா?

பதில்: கட்டாயம் உண்டு, மதிப்பீடு பெரும்பாலும் பொய்த்துப்போவது இங்கேதான். குறுக்கே நூல் பிடித்து, ஐந்து மீட்டருக்கு ஒருமுறை பல இடங்களில் பள்ளத்தின் ஆழத்தை அளந்து சராசரி எடுங்கள். அந்தச் சராசரி 15 மில்லிமீட்டர் என்றாலே கூடுதலாக ஏறத்தாழ 13 டன் தேவைப்படும். அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், பள்ளத்தை நிரப்பவே கலவை தீர்ந்து, மேடான இடங்களில் மேற்பூச்சு மெலிந்து, அங்கிருந்தே பெயரத் தொடங்கும். பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட்டால் கலவையும் மிச்சமாகும், மழைநீரும் வீடுகளுக்குள் புகாது.

கேள்வி: இதில் தார் மட்டும் எவ்வளவு?

பதில்: 30 முதல் 40 மில்லிமீட்டர் வரையிலான மேற்பூச்சுக் கலவையில் எடைக்கு 5.4 சதவீதம் என்று கொள்ளலாம். 36 டன்னுக்கு 1.94 டன் வரும். பழைய பரப்போடு ஒட்டுவதற்காகத் தெளிக்கும் தார்க் குழம்பு தனி. சதுர மீட்டருக்கு கால் கிலோ வீதம் சுமார் 92 கிலோ.