முன்பக்கம் இடிபட்ட கார் ஸ்டார்ட் ஆகவில்லை, இசியூ போய்விட்டது என்கிறார்கள். நம்பலாமா?

சாவியைத் திருப்பினால் செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் மோட்டார்) எடுக்கிறதா, இல்லையா? கேள்வியில் அதைத்தான் விட்டுவிட்டீர்கள். "முன்னால் போன வண்டியில் லேசாக இடித்தேன், பேட்டரி நன்றாக இருக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை, மெக்கானிக் இசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்) மாற்றச் சொல்கிறார்" என்பதோடு நிறுத்திக்கொண்டீர்கள். பம்பர் உடைந்து, ஒரு ஹெட்லைட் தொங்க, வண்டி ஏதோ ஒர்க்‌ஷாப் ஓரத்தில் நிற்கிறது, நீங்கள் எஸ்டிமேட்டை வைத்துக்கொண்டு வீட்டில் முழித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் மெக்கானிக் கிடையாது. ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். "மண்டிக்காரம்மா பேச்சைக் கேட்டு வண்டியைத் தொடாதீங்க" என்று கீழே யாராவது வருவார்கள். வரட்டும். நான் சொல்லப்போவதில் பாதி, வண்டியோடு கொடுக்கும் கையேட்டிலேயே இருக்கிறது. டேஷ்போர்டு பெட்டியில் வைத்தபடியே கிடக்கும், யாரும் பிரிப்பதில்லை.

எங்கள் வண்டி அப்பா வாங்கிய ஃபோர்டு ஐகான், பெட்ரோல். விளம்பரத்தில் 'ஜோஷ் மெஷின்' என்பார்களே, அதுதான். இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக 2021-இல் ஃபோர்டு அறிவித்ததிலிருந்து எங்கள் ஒரம்பரையில் ஒரு நோம்பி விடாமல் "இன்னுமா அதைய வெச்சிருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். ஓடுகிற வண்டியை எதற்கு விற்க வேண்டும்?

சென்னிமலையிலிருந்து பெருந்துறை வரும் வழியில், பொழுது இறங்கிய நேரம். முன்னால் வாழைத்தார் ஏற்றிய டெம்போ. திடீரென்று நின்றுவிட்டது, நான் பின்னால் போய் இடித்தேன். பின்னால் இடித்தவர் மேல்தான் தப்பு என்று சட்டம் பேசுகிறவர்கள் பேசிக்கொள்ளலாம். டெம்போக்காரர் நின்றதற்குக் காரணம் ஒரு வேகத்தடை. பெயின்ட் இல்லை, பலகை இல்லை, ஒளிரும் பட்டை இல்லை. முந்தின வாரம் அந்த இடத்தில் அது இல்லவும் இல்லை. வேகத்தடை என்றால் சும்மா தார் கொட்டிக் குவிப்பது இல்லைங்க. சாலைகளுக்கு விதிமுறை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு அதற்கு அளவே வைத்திருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், 25 கி.மீ. வேகத்தில் அலுங்காமல் தாண்டலாம். முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகையும் வைக்க வேண்டும். நம் ஊரில் ஒரு முழ அகலத்தில் வரப்பு கட்டி வைக்கிறார்கள். மனுக் கொடுத்தேன், அந்த அலுவலகம் இந்த அலுவலகத்தைக் கைகாட்டியது. சரி, அது கேள்வியில் இல்லாத விஷயம்.

இடித்ததும் இன்ஜின் நின்றுவிட்டது. திருப்பி அடித்தால் செல்ஃப் நன்றாகவே எடுக்கிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. சாவியை ஒரு கட்டம் திருப்பியதும் பின்சீட்டுப் பக்கம் பெட்ரோல் பம்ப் ஒன்றிரண்டு நொடி ரீங்காரம் போடும். அந்தச் சத்தம் இல்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் இனர்ஷியா சுவிட்ச் என்று ஒன்று உண்டு. உள்ளே ஒரு இரும்புக் குண்டு காந்தத்தில் ஒட்டியபடி இருக்கும். பலமான அதிர்ச்சியில் குண்டு நழுவி, பம்புக்குப் போகும் கரண்ட்டை வெட்டிவிடும். விபத்தில் குழாய் உடைந்திருந்தால் பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. முன்சீட்டில் கால் வைக்கும் இடத்தில் பக்கவாட்டு அட்டைக்குப் பின்னால், மேலே பட்டன் வைத்த சின்ன டப்பா. பட்டன் துருத்திக்கொண்டு நின்றது.

உடனே அமுக்கிவிடவில்லை. இறங்கி வண்டிக்கு அடியில் பார்த்தேன், மோந்து பார்த்தேன். பெட்ரோல் வாடை இல்லை. அப்புறம்தான் அமுக்கினேன். பம்ப் சத்தம் வந்தது, வண்டியும் பிடித்தது. ஆனால் ரேடியேட்டரிலிருந்து பச்சை நிறக் கூலன்ட் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்ததால் உடனே அணைத்துவிட்டேன். தண்ணீர் இல்லாமல் பக்கத்து ஊர் வரைக்கும் என்று ஓட்டினாலும் சூட்டில் இன்ஜின் ஹெட் வளைந்துவிடும், கேஸ்கட் போய்விடும்.

ரெக்கவரி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. மறுநாள் ஒர்க்‌ஷாப்பிலிருந்து போன், எனக்கு இல்லை, தம்பிக்கு. வண்டியை ஓட்டியதும் நான், கொண்டுபோய் விட்டதும் நான். தம்பிக்கு அந்த வண்டியில் டிக்கி எப்படித் திறக்கும் என்றுகூடத் தெரியாது. "ஸ்டார்ட் ஆகலீங்க தம்பி, பெட்ரோல் பம்பு போயிருச்சு, இசியூவும் மாத்தோணும்" என்று எஸ்டிமேட் போட்டு அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். முந்தின நாள் என் கையில் ஸ்டார்ட் ஆன வண்டி.

நேரில் போனேன். தம்பியும் வந்தான், அவனைப் பார்த்தே பேசினார்கள். நான் கதவைத் திறந்து, குனிந்து அட்டைக்குப் பின்னால் கையை விட்டேன். பட்டன் மறுபடி மேலே நின்றது. ரெக்கவரி வண்டியிலிருந்து இறக்கும்போது தொப்பென்று விட்டிருப்பார்கள். அந்த அதிர்ச்சியே போதும். "ஏனுங்க்கா, அங்க என்னத்தைய அமுக்கறீங்க?" என்றார் அங்கிருந்த பையன். அமுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். பிடித்தது. தண்ணீர் இல்லாததால் உடனே அணைத்தேன். மேஸ்திரி என்னைத் தாண்டித் தம்பியைப் பார்த்து, "செரியாயிருச்சுங்க தம்பி" என்றார். பில்லில் பம்பையும் இசியூவையும் பேனாவால் அடித்தார்கள். "எலக்ட்ரிக்கல் செக்கிங் – லேபர்" என்ற வரியை மட்டும் அடிக்க மனம் வரவில்லை.

எல்லா ஒர்க்‌ஷாப்பும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. பவானி ரோட்டுப் பக்கம் நான் வழக்கமாகப் போகும் ஒயரிங் கடைக்காரர் டெஸ்டர் லைட்டை எடுக்காமல் வாயைத் திறக்க மாட்டார்.

உங்கள் வண்டி விஷயத்துக்கு வருகிறேன். புது மாடலாக இருந்தால் பெரும்பாலும் இந்தப் பட்டன் இருக்காது. ஏர்பேக்கின் கம்ப்யூட்டர் மோதலைக் கண்டதும், இன்ஜின் கம்ப்யூட்டரே பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலேயை வெட்டிவிடும். சில வண்டிகளில் சாவியை முழுதாக அணைத்துவிட்டு மறுபடி போட்டால் திரும்பிவிடும். சிலவற்றுக்கு ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் கருவி) வேண்டும். உங்கள் மாடலுக்கு எப்படி என்று கையேட்டைப் பாருங்கள். ஏர்பேக் வெடித்திருந்தால் நீங்களாக எதையும் தொட வேண்டாம்.

செல்ஃபே எடுக்கவில்லை என்றால் கதை வேறு. பேட்டரி நன்றாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொன்னீர்கள்? ஹாரன் அடிப்பது கணக்கில் வராது. மீட்டர் வைத்தால் சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் கிட்டே காட்ட வேண்டும், செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. பல கார்களில் பேட்டரி ஹெட்லைட்டுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருக்கும், இடி நேராக அதன் மேல்தான் விழும். டெர்மினல், பாசிட்டிவ் மேல் இருக்கும் பெரிய ஃப்யூஸ், இன்ஜினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் ஒயர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் சந்தேகம் என்றால் ஜம்பர் கேபிளில் பேட்டரி நெகட்டிவையும் இன்ஜின் இரும்பையும் இணைத்துவிட்டுச் செல்ஃப் அடித்தால் தெரிந்துவிடும். பேட்டரி சரியாக இருந்தும் 'டக்' என்று ஒரே சத்தம் வந்து நின்றால் அதற்கு மேல் அடிக்காதீர்கள். செல்ஃப் மோட்டாரே போயிருக்கலாம், அல்லது முன்பக்கம் நசுங்கி ஏசி கம்ப்ரசரோ புல்லியோ இறுகி இன்ஜின் சுற்ற முடியாமல் இருக்கலாம்.

இசியூ? ஸ்கேனர் போட்டால் அது பேசுகிறதா என்று கேளுங்கள். பேசினால் முழுதாகச் செத்துவிடவில்லை. பேசாவிட்டாலும் உடனே மாற்றச் சம்மதிக்க வேண்டாம். இசியூ சென்சார்களுக்கு 5 வோல்ட் கொடுக்கிறது. ஹெட்லைட்டுக்குப் பின்னால் நசுங்கிய ஒயர் ஒன்று பாடியில் தொட்டு அந்த 5 வோல்ட் இறங்கிவிட்டால், இசியூ போன மாதிரியே இருக்கும். சென்சார் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்: எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அந்தச் சென்சார்தான் இழுக்கிறது, எதிலும் திரும்பாவிட்டால் ஒயரையே பார்க்க வேண்டும். டேஷ்போர்டில் சாவிப் படம் மின்னினால் அது இம்மொபிலைசர் (சாவியை அடையாளம் காணாவிட்டால் ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு), அதையும் பார்த்துவிட வேண்டும்.

இன்சூரன்ஸ் க்ளைம் போடுவதாக இருந்தால் சர்வேயர் பார்க்கும் முன் எதையும் கழற்ற விடாதீர்கள். பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரிக்குச் சாதாரண பாலிசியில் 50 சதவீதம் தேய்மானம் பிடிப்பார்கள். இடித்த பிறகு தண்ணீர் இல்லாமல் ஓட்டி இன்ஜின் போனால் அது பின்விளைவு நஷ்டம் என்று கையை விரித்துவிடுவார்கள்.

வண்டி என்ன மாடல், எந்த வருடம், சாவியைத் திருப்பினால் என்ன சத்தம் வருகிறது? மூன்றையும் கமென்ட்டில் போடுங்கள், மண்டி முடிந்து வந்து பார்க்கிறேன்.