பின்விளக்கை எண்ணிவிட்டு விலை பேசுங்கள்

பழைய கார்கள் – வாசகர் கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரியிலிருந்து வந்த கடிதங்களில் ஜெனரல் மோட்டார்ஸின் பழைய அமெரிக்கக் கார் செவர்லே இம்பாலா பற்றியவை மட்டும் இந்த இதழில்.

முத்தியால்பேட்டை வாசகர்: ஒரு இம்பாலா விலைக்கு வருகிறது. "பிரெஞ்சு கவர்னர் வைத்திருந்த வண்டி, அதான் இந்த விலை" என்கிறார் தரகர். நம்பலாமா?

நம்பாதீர்கள். புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1-ல். இம்பாலா கடைக்கு வந்ததோ 1957 கடைசியில், 1958 மாடலாக. அதற்கு முன்பு 1956-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் மோட்டோராமா கண்காட்சியில் இந்தப் பெயரில் ஒரு மாதிரி வண்டியைக் காட்டியது, அவ்வளவுதான். சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 வரை இழுத்தாலும், இடைப்பட்ட காலத்தில் இங்கே பிரெஞ்சு கவர்னர் கிடையாது.

"பம்பாயில் அசெம்பிள் செய்த வண்டி" என்று சொன்னாலும் ஏமாற வேண்டாம். அங்கே சிவ்ரியில் 1928-ல் தொடங்கிய ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1954-லேயே மூடிவிட்டது. இந்தியாவில் உள்ள பழைய இம்பாலா எல்லாமே இறக்குமதிதான். தூதரகங்கள் ஓட்டிவிட்டு அரசின் வணிக நிறுவனமான எஸ்.டி.சி. மூலம் விற்றவை அவற்றில் நிறைய. ஆர்.சி. புத்தகத்தில் முதல் பதிவு எந்த ஊரில் நடந்தது என்று பாருங்கள். தரகர் சொல்லும் கதையைவிட அது பேசும்.

மஞ்சக்குப்பம் வாசகி: அப்பாவின் இம்பாலாவுக்கு ஆர்.சி.யில் 1961 என்று இருக்கிறது. பார்த்தவர்கள் 1965 என்கிறார்கள். யார் சொல்வது சரி?

முன்கதவின் கீல் இருக்கும் தூணில் ஒரு சின்னத் தகடு இருக்கும். தேய்க்காமல், மண்ணெண்ணெய்த் துணியால் ஒற்றித் துடைத்துப் படியுங்கள். அமெரிக்காவில் செய்த 1961 வண்டி என்றால் முதல் எண் 1. அது வருடம். அடுத்த இரண்டும் மாடல் வரிசை (இம்பாலா ஆறு சிலிண்டருக்கு 17, எட்டு சிலிண்டர் வி-8க்கு 18), அடுத்த இரண்டும் உடல் வகை, உடனே ஆலையின் எழுத்து. 1965-லிருந்து முறையே மாறிவிட்டது. அதிலும் முதலில் 1 வரும், ஆனால் அது செவர்லேயைக் குறிக்கும் 1. வருடம் ஆறாவது இடத்துக்குப் போய்விட்டது. ஆக, ஐந்து எண் முடிந்ததும் எழுத்து வந்தால் 1961. ஐந்துக்குப் பிறகு இன்னொரு 5 வந்து, அதன் பின் எழுத்து வந்தால் 1965. முதல் எண்ணை மட்டும் பார்த்து யாரோ 61 என்று பதிந்திருக்க வாய்ப்பு உண்டு.

தகடே இல்லாவிட்டால் உடலைப் பாருங்கள். 1958-ல் இரண்டு கதவு கூபேயும் கூரையை மடக்கும் கன்வர்டிபிளும் மட்டும்தான். நாலு கதவு "58 இம்பாலா" என்று யாராவது காட்டினால் அது வேறு வண்டி. 1959-ல் வௌவால் இறக்கை போல விரிந்த பின்பக்கம், பக்கத்துக்கு ஒரே ஒரு கண்ணீர்த்துளி விளக்கு. 1960-ல் இறக்கை அடங்கி, பக்கத்துக்கு மூன்று வட்ட விளக்கு. 1961-ல் இறக்கையே போய்விட்டது. 1965-ல் பக்கக் கண்ணாடி வளைந்து வரும். அந்த ஒரு வருடத்தில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் இம்பாலா விற்றது.

அறுபதுகளின் முதல் பாதியில் பக்கத்துக்கு இரண்டு விளக்குதான் என்றால் அது செவர்லேயின் விலை குறைந்த பெல் ஏர் அல்லது பிஸ்கேனாக இருக்கும். இம்பாலா எழுத்தை ஒட்டி விற்பதும் நடக்கிறது. எண்ணிப் பார்க்க ஒரு நிமிஷம் போதும்.

தேவனாம்பட்டினம் வாசகர்: கடலோரம் நிற்கும் 1962 வண்டியில் துரு எங்கெங்கே பார்க்க வேண்டும்?

1958 முதல் 1964 வரை இம்பாலாவின் சேஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், எக்ஸ் வடிவம். பக்கவாட்டில் நீளச் சட்டமே கிடையாது. தரை தாழ வேண்டும் என்பதற்காக அப்படி அமைத்தார்கள். நடுவில் உள்ள பெட்டிக்குள் உப்புக்காற்றும் ஈரமும் புகுந்தால் வெளியே வராது. பின் அச்சுக்கு மேலே வளைந்து போகும் கைகளில் சேறு தங்கும். இந்த இரண்டு இடத்தையும் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் சரி. சத்தம் அடைத்துப்போனால் அங்கே ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பிறகு பாடி மவுண்ட் (உடல் சேஸில் உட்காரும் இடங்கள்), டிக்கித் தரை, பின் மட்கார்டின் அடி. காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது என்று அர்த்தம்.

சர்வீஸ் ஸ்டேஷனில் கவனம். கதவுக்கு அடியில் உள்ள விளிம்பில் லிஃப்ட் கையைக் கொடுத்தால் அது அப்படியே மடங்கும், ஏனென்றால் தாங்க உள்ளே சட்டம் இல்லை. முன்னால் சேஸ் கைகளிலும் பின்னால் அச்சிலும் மட்டும் ஜாக்கி கொடுங்கள். தூக்கும்போது கதவு இடைவெளி மாறினால் சேஸ் தளர்ந்துவிட்டது, பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் விட்டுவிடுங்கள். துருவின் மேலேயே தார் அடிப்பதும் வேண்டாம். உள்ளே தின்பது நிற்காது.

லாஸ்பேட்டை வாசகர்: 283 கன அங்குல வி-8 இன்ஜின் உள்ள 1964 இம்பாலா பல வருடமாக ஷெட்டில் நிற்கிறது. புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்யலாமா?

நேராகச் செல்ஃப் அடித்தால் ரிங் உடையும், வால்வு வளையும். எட்டு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு டீஸ்பூன் மெல்லிய ஆயில் விட்டு ஒரு நாள் விடுங்கள். பிறகு முன் புல்லியை, முன்னால் நின்று பார்க்கக் கடிகாரச் சுற்றில் கையால் திருப்புங்கள். நகராவிட்டால் பலம் காட்டாமல் இன்னும் இரண்டு நாள் ஊற விடுங்கள்.

டேங்கில் மிச்சமுள்ள பெட்ரோல் இந்நேரம் பிசினாகியிருக்கும். 75 லிட்டர் டேங்க், இறக்கிக் கழுவுங்கள். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்து வருவதால் பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயாபிரமும் உப்பிக் கசியும். எத்தனாலுக்கு ஏற்றதாக இரண்டையும் மாற்றிவிடுங்கள். ஃபில்ட்டரோடு சேர்த்து ஆயில் 4.7 லிட்டர். வால்வைத் தள்ளும் டாப்பட் தட்டையானது, தேயாமல் இருக்க ஜிங்க் அதிகமுள்ள ஆயில் வாங்குங்கள்.

பிளக் போடாமலே, பத்து விநாடி விட்டு விட்டு செல்ஃப் கொடுங்கள். ஆயில் விளக்கு அணைந்த பிறகுதான் பிளக். இடைவெளி 0.9 மி.மீ.

அடுத்துதான் பலரும் சறுக்கும் இடம். சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2; பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் மேலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்று. வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்தால் இடது பக்கம் முன்னிருந்து 1, 3, 5, 7. வலது பக்கம் 2, 4, 6, 8. இடதில் 1, 2, 3, 4 என்று எண்ணினால் வண்டி பிடிக்காது. 5, 7 வயர்களை ஒட்டி ஓட விடாதீர்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர், அடுத்தடுத்து எரிபவை. ஒன்றின் மின்சாரம் மற்றதில் தூண்டப்பட்டு 7 முன்கூட்டியே பற்றும். கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்து அதைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள்.

ஓடினாலும் உடனே சாலைக்கு எடுக்காதீர்கள். 1967-க்கு முந்தைய வண்டிகளில் பிரேக் ஒற்றைச் சுற்று. ஒரு வீல் சிலிண்டர் கசிந்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போகும். டிரம்மைக் கழற்றி, ரப்பர் உறையை விரலால் தூக்கிப் பாருங்கள். உள்ளே நனைந்திருந்தால் வீல் சிலிண்டரின் ரப்பர் கிட் மாற்ற வேண்டும். கடலோர ஈரத்துக்கு பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

அரியாங்குப்பம் வாசகர்: விண்டேஜ் பதிவு கிடைக்குமா?

2021-ல் வந்த மத்திய விதிப்படி 50 வருடம் தாண்டிய, வணிகத்துக்கு ஓடாத வண்டிக்குக் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும்; மறுபதிவுக்கு 5,000. பழைய பதிவு எண் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிந்தால் மாநிலக் குறியீட்டுக்குப் பின் வி.ஏ. வரும். சேஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாற்றப்பட்டிருக்கக் கூடாது என்பதால், பெட்ரோலுக்குப் பயந்து டீசல் இன்ஜின் ஏற்றிய வண்டிகள் இங்கேதான் மாட்டும். பதிந்த பிறகு கண்காட்சி, ஊர்வலம், எரிபொருள், பழுது இவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். தினமும் நேரு வீதிக்குக் காய்கறி வாங்க ஓட்ட ஆசை என்றால் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

நெல்லிக்குப்பம் வாசகர்: இம்பாலா இப்போதும் வருகிறதா? 1964 வண்டிக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

1985 வரை பெரிய வண்டியாக வந்தது. 1994-96-ல் எஸ்.எஸ். என்ற வடிவில் திரும்பியது. 2000 மாடலிலிருந்து முன்சக்கர இழுவை. கடைசி வண்டி 2020 பிப்ரவரியில் வெளிவந்தது. 1964-ன் நீளம் 5.33 மீட்டர், அகலம் இரண்டு மீட்டர். கதவு நீளமானது, அதனால் ஷெட் ஆறரைக்கு மூன்றரை மீட்டருக்குக் குறையாமல் கட்டுங்கள்.