சித்தப்பாவின் பழைய ஃப்ரேமில் ரோடு பைக் கட்டலாமா?

கேள்வி: சித்தப்பா ஓட்டிய பழைய ஸ்டீல் ரோடு பைக்கின் ஃப்ரேம், ஃபோர்க், கிராங்க், ஹேண்டில்பார் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. சக்கரமும் கியரும் மட்டும் புதிதாக வாங்கி, மற்றதைப் பழையதிலேயே ஒப்பேற்ற நினைக்கிறேன். 11 ஸ்பீடு (பின்னால் 11 பல்சக்கரம் உள்ள) கியர் செட் ஒன்று தள்ளுபடியில் கிடைக்கிறது. வாங்கிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். இந்த வேலையில் பணம் வீணாவதெல்லாம் பெரும்பாலும் சாமானை முதலில் வாங்கிவிட்டு ஃப்ரேமை அப்புறம் அளப்பதால்தான். என்ன பொருந்தும் என்று ஃப்ரேம்தான் சொல்ல வேண்டும். ஒரு வெர்னியரை எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள்.

அளப்பதற்கு முன், ஹெட் டியூபுக்கு (ஃபோர்க்கின் தண்டு நுழையும் முன்பக்கக் குழாய்க்கு) சற்றுப் பின்னால், மேல் குழாய், கீழ்க் குழாய் இரண்டின் அடிப்பக்கத்தையும் கட்டை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முன்னால் பலமாக மோதிய சைக்கிளில் அந்த இடத்தில் குழாய் லேசாக மடிந்து புடைத்திருக்கும், பெயிண்ட்டும் மெல்லிய கோடாக வெடித்திருக்கும். கண்ணுக்குத் தப்புவது விரலுக்குத் தட்டுப்படும். அப்படி ஒரு மேடு இருந்தால் அந்த ஃப்ரேமில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

சரி, குழாய் சுத்தமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்சக்கரம் உட்காரும் இரண்டு காதுகளின் உட்பக்க இடைவெளியை அளந்து பாருங்கள். 120 மி.மீ. என்றால் 5 ஸ்பீடு காலத்து ஃப்ரேம். 126 என்றால் 6 அல்லது 7 ஸ்பீடு. ரிம் பிரேக் உள்ள 8 முதல் 11 ஸ்பீடு ரோடு சக்கரங்களுக்கு 130 வேண்டும். உங்களுடையது 126 ஆக இருந்தால், ஸ்டீல் என்பதால் பக்கத்துக்கு 2 மி.மீ. விரிக்கலாம். அதை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுங்கள். விரித்த பிறகு இரண்டு காதுகளும் இணையாக நிற்க வேண்டும், டீரெய்லர் (செயினைக் கியர் மாற்றும் கருவி) மாட்டும் ஹேங்கரும் நேராக இருக்க வேண்டும். அலுமினியத்தையும் கார்பனையும் இப்படி விரிக்கவே கூடாது.

அடுத்தது பாட்டம் பிராக்கெட், அதாவது கிராங்கின் அச்சு சுழலும் பகுதி. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். அதை ஃப்ரேமில் பிடித்திருக்கும் பழைய கப்பின் (மரையுள்ள மூடியின்) முகத்தை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் பெரும்பாலும் அளவு தெரியும். 1.37 × 24 என்றிருந்தால் ஆங்கில மரை, 36 × 24 என்றிருந்தால் இத்தாலிய மரை, 35 × 1 என்றிருந்தால் பிரெஞ்சு மரை. ஆங்கில மரையில் செயின் பக்கத்துக் கப் தலைகீழ்: கழற்ற வலப்பக்கமாகத் திருப்ப வேண்டும். இத்தாலியத்தில் இரண்டு பக்கமும் வழக்கமான மரைதான். இதைத் தெரிந்துகொள்ளாமல் பலத்தைக் காட்டினால் ஃப்ரேமின் மரையே போய்விடும். எழுத்து தெரியவில்லை என்றால் ஊகிக்காதீர்கள், அளக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

சக்கரத்தில் இன்னொரு சிக்கல். சித்தப்பாவின் சைக்கிள் 27 இஞ்ச் டயரில் ஓடியிருந்தால் அதன் ரிம் 630 மி.மீ., இன்றைய 700சி 622. ரிம் 4 மி.மீ. உள்ளே போகும், பிரேக் கட்டையும் அவ்வளவு கீழே இறங்க வேண்டும். புதுச் சக்கரத்தை மாட்டி, பிரேக் போல்ட் துளையிலிருந்து ரிம்மில் கட்டை படும் இடத்தின் நடுவரை அளந்துவிட்டு, அதற்கேற்ற நீளமுள்ள பிரேக்கை வாங்குங்கள்.

11 ஸ்பீடு செட்டை நான் வாங்க மாட்டேன். பழைய கிராங்கின் பல்சக்கரங்கள் அகலமான செயினுக்காக இடைவெளி விட்டு அமைந்தவை. மெல்லிய 11 ஸ்பீடு செயின் அவற்றுக்கு நடுவில் சிக்கக்கூடும். 8 ஸ்பீடு எடுங்கள், செயினும் கேசட்டும் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுப்பும்) மலிவு, சின்னச் சின்னக் கோணலையும் பொறுத்துக்கொள்ளும். 11 ஸ்பீடு ஹப் உள்ள சக்கரமே கிடைத்தாலும் 1.85 மி.மீ. ஸ்பேசர் ஒன்று போட்டு 8 ஸ்பீடு கேசட்டை மாட்டிவிடலாம்.

பழைய ஹேண்டில்பாரும் அதைப் பிடிக்கும் ஸ்டெம்மும் அலுமினியம் என்றால் தயவுசெய்து மாற்றிவிடுங்கள். அலுமினியம் வருடக்கணக்கில் களைத்து, முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு நாள் முறியும். அது முறியும்போது உங்கள் உடல் எடை முழுவதும் அதன் மேல்தான் இருக்கும். புதியது வாங்கும்போது ஸ்டெம் பிடிக்கும் இடத்தில் பாரின் விட்டம் 25.4, 26.0, 31.8 மி.மீ. எது என்று பார்த்து, ஸ்டெம்மும் அதே அளவில் எடுங்கள்.

செயின், டயர், டியூப், பிரேக் கட்டை, கேபிள் எல்லாம் புதிது. பிரேக்குக்குப் பிரேக் அவுட்டரே (கேபிளின் வெளியுறையே) போடுங்கள். கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் ஓடுவதால், அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது அது பிளந்துவிடலாம்.

சித்தப்பாவின் பழைய சக்கரமும் கையில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். ஹப்பின் கோன்களில் (பால்ரஸ் உருளும் கூம்புகளில்) குழி விழாமல் இருந்தால், பால்ரஸ் மாற்றி, புது க்ரீஸ் வைத்து, கோட்டம் எடுத்தாலே அருமையாக ஓடும். ரிம்மின் பிரேக் பக்கம் உள்வாங்கிக் குழிந்திருந்தால் மட்டும் ஓட்டாதீர்கள்.

மாட்டும்போது எல்லா மரையிலும் க்ரீஸ் தடவுங்கள். ஸ்டீல் ஃப்ரேமுக்குள் போகும் அலுமினிய சீட் போஸ்ட்டிலும் மறக்காமல் தடவுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் அரித்து ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். இடது பெடலும் தலைகீழ் மரைதான். முதல் சவாரி முடிந்து வந்ததும் கிராங்க் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.