ஜன்னலைச் சாத்திவிட்டுச் சுவரில் காடு எதற்கு?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். இன்டீரியர்காரர் விமான நிலைய இரண்டாம் டெர்மினலின் படத்தைக் காட்டி, "இதுதான் பயோஃபிலிக் டிசைன், அதாவது இயற்கையைக் கட்டடத்துக்குள் கொண்டுவருவது. டிவிக்குப் பின்னால் இதே மாதிரி செடிச் சுவர் வைக்கலாம், காற்றும் சுத்தமாகும்" என்கிறார். ஒன்றரை லட்சமாம். காம்பவுண்டில் பெரிய தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. தூசி, இலை என்று அந்தப் பக்க ஜன்னலைத் திறப்பதில்லை. வைக்கலாமா?

— வாசகி, அல்சூர்

பதில்: வேண்டாம். அந்த டெர்மினலில் கூரையிலிருந்து தொங்கும் செடிகளைக் கவனிக்கச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. உங்கள் வீட்டில் நீங்கள்தான்.

நானே சூடுபட்டவள். ஒயிட்ஃபீல்டில் ஓர் அலுவலகத்துக்கு ஆசை ஆசையாகச் செடிச் சுவர் போட்டுக் கொடுத்தேன். போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்து சொட்டுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டது. மேல் வரிசை காய்ந்தது, கீழ் வரிசை அழுகியது, பின்சுவரில் ஓதம். எட்டாம் மாதம் கழற்றினோம். அந்தப் பில்லில் பாதி இன்னும் வரவில்லை. அது வேறு கதை.

காற்று சுத்தமாகும் என்பது 1989இல் நாசா செய்த சோதனையிலிருந்து கிளம்பிய பேச்சு. அது நடந்தது இறுக மூடிய சின்னப் பெட்டிக்குள். ஆள் நடமாடும் ஹாலில் நாலு தொட்டிச் செடியைவிட, திறந்த ஜன்னல் எவ்வளவோ மேல்.

ஜன்னல் என்றதும் ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் ஞாபகம் வருகிறார். அமெரிக்காவின் பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளைப் புரட்டி, 1984இல் ஆய்வை வெளியிட்டார். பாதிப் பேருக்கு ஜன்னலில் மரம். மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். பயோஃபிலிக் என்று பேசுகிறவர்கள் எல்லோரும் இன்றுவரை மேற்கோள் காட்டுவது இதைத்தான். அங்கே யாரும் சுவரில் செடி ஒட்டவில்லை!

ஆக, உங்களுக்கு வேண்டியது ஏற்கெனவே காம்பவுண்டில் நிற்கிறது. கழற்றிக் கழுவுகிற மாதிரி கொசுவலை அடித்துவிடுங்கள். இலை நின்றுவிடும், தூசியும் ஓரளவு குறையும். சோபாவை ஜன்னலைப் பார்க்கத் திருப்புங்கள். சாயங்காலம் காபியோடு உட்கார்ந்தால் அந்த மரம் இலை மடித்துத் தூங்கப்போவதைப் பார்க்கலாம். அப்படி அசைகிற, நேரத்துக்கு நேரம் மாறுகிற ஒன்றை எந்த இன்டீரியர்காரரும் எஸ்டிமேட்டில் போட முடியாது. அப்படியும் ஹாலில் பச்சை வேண்டுமென்றால் ஒரு மணி பிளான்ட் போதும், வாரம் ஒருமுறை இலையைத் துடையுங்கள்.

அப்புறம் ஒன்று. இலைக் குப்பை என்று சொல்லி மரத்தை வெட்ட அசோசியேஷனில் யாராவது கையெழுத்துக்கு வந்தால் போடாதீர்கள். கர்நாடகத்தில் அதற்கென்றே 1976ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது; மர அதிகாரியின் அனுமதி இல்லாமல் கோடரி வைக்கக் கூடாது.