அஷ்டமி, நவமி பார்த்து ஹோலி ஐலண்ட் போங்கள்

கேள்வி: லண்டனில் ஹாரோவில் இருக்கிறோம். நான், மனைவி, 11 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள். நாகப்பட்டினத்திலிருந்து அம்மா வந்திருக்கிறார், அவருக்கு முழங்கால் வலி உண்டு. மே மாதக் கடைசியில் வரும் ஹாஃப் டெர்ம் பள்ளி விடுமுறையில் ஐந்து நாள் நார்தம்பர்லாந்து கடற்கரையில் கேரவனில் தங்கலாம் என்று ஆசை. பாட்டு, பிங்கோ, நீச்சல்குளம் எல்லாம் வேண்டாம், அமைதியாக இருந்தால் போதும். இதுவரை கேரவனில் தங்கியதே இல்லை. வாடகைக்கு ஒன்றை எடுத்துக் காரில் இழுத்துக்கொண்டு போகலாமா? சமைக்க முடியுமா? எதையெல்லாம் பார்க்கலாம்?

பதில்: முதலில் அம்மாவிடம் கேரவன் என்றால் என்னவென்று சொல்லிவிடுங்கள். நம்மூரில் அந்தச் சொல்லுக்கு நடிகர்கள் மேக்கப் போடும் ஏசி வண்டி என்றுதான் அர்த்தம். என் மாமியார் ஏதோ ஷூட்டிங் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துப் பட்டுப்புடவையே எடுத்து வைத்துவிட்டார்.

இழுத்துக்கொண்டு போகலாமா என்றால், சட்டப்படி போகலாம். 2021 டிசம்பரிலிருந்து சாதாரண கார் லைசென்ஸ் இருந்தாலே 3,500 கிலோ வரையிலான டிரெய்லரை இழுக்கலாம், தனித் தேர்வு கிடையாது. ஆனால் முதல் தடவையே வேண்டாம் என்பதுதான் என் யோசனை. ஹாரோவிலிருந்து அந்தக் கடற்கரை 300 மைலுக்கும் மேல். கேரவன் பின்னால் இருந்தால் மோட்டார்வேயில் மணிக்கு 60 மைல்தான் உச்சம், ஒற்றைச் சாலையில் 50, மூன்று லேன் உள்ள மோட்டார்வேயில் வலதுகோடி லேனுக்குப் போகவே கூடாது. புதிதாக இழுப்பவர்கள் சாமான் ஏற்றிய கேரவனின் எடை காரின் எடையில் 85 சதவீதத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பார்கள். ஐந்து பேர் படுக்கும் கேரவன் அந்தக் கணக்குக்குள் வர வேண்டுமென்றால் நல்ல கனமான கார் வேண்டும். இத்தனையும் செய்து போய்ச் சேர்ந்தால், இருட்டில் பின்னோக்கி ஓட்டிப் பிட்ச்சுக்குள், அதாவது உங்களுக்கு ஒதுக்கிய இடத்துக்குள், நிறுத்த வேண்டும். அன்று இரவு கணவன் மனைவி பேசிக்கொள்ள மாட்டீர்கள்.

அதனால் ஸ்டாட்டிக் கேரவன் எடுங்கள். சக்கரம் இருக்கும், நகராது, கிட்டத்தட்ட ஒரு சின்ன மரவீடு மாதிரி. இரண்டு மூன்று படுக்கையறை, நாலு பர்னர் கேஸ் அடுப்பு, ஓவன், பிரிட்ஜ், தண்ணீர் வரும் குழாய், ஷவர், சாதாரண கழிப்பறை எல்லாம் உள்ளேயே உண்டு. இழுத்துப் போகும் டூரிங் கேரவன் என்றால் பீப்பாயில் தண்ணீர் உருட்டி வர வேண்டும், கழிப்பறைப் பெட்டியைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அம்மாவை வைத்துக்கொண்டு அந்தச் சாகசம் தேவையில்லை. புக் செய்யும்போதே வாசலில் எத்தனை படி, கைப்பிடி இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டிலின் அகலத்தையும் கேளுங்கள், பிள்ளைகள் அறைக் கட்டில்கள் பெரும்பாலும் குறுகல், அதில் அம்மாவைப் படுக்க வைக்க முடியாது. படுக்கை விரிப்பும் துண்டும் வாடகையில் சேர்ந்ததா, கேஸும் கரண்டும் மீட்டர் கணக்கா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அமைதியான இடத்தைக் கண்டுபிடிக்க விளம்பரத்தை நம்ப வேண்டாம், எல்லாருமே 'அமைதியான சூழல்' என்றுதான் போடுவார்கள். கிளப் ஹவுஸ் இருக்கிறதா என்று ஒரே கேள்வி கேளுங்கள். இருந்தால் ராத்திரி பாட்டு உண்டு, விட்டுவிடுங்கள். அப்புறம் வரைபடத்தில் சாட்டிலைட் படத்தைத் திறந்து எத்தனை வண்டி நிற்கிறது, ஏ1 நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் எவ்வளவு தூரம், கடலுக்கும் சைட்டுக்கும் நடுவில் மணல்மேடு இருக்கிறதா என்று பாருங்கள். மணல்மேடு இருந்தால் நல்லது, அந்தக் கரையில் அடிக்கிற பலமான கடல்காற்றைத் தடுக்கும். பீட்னெல், லோ நியூட்டன், பாம்பரோ இந்த வட்டாரத்துக்குள் தேடினால் நடுவில் இருப்பீர்கள், எல்லாம் பக்கம். பிள்ளைகளுக்கு இடமில்லாத, பெரியவர்களுக்கு மட்டுமான சைட்டுகளும் உண்டு, அதைப் பார்த்துப் பணம் கட்டுங்கள். (பின்னாளில் இழுத்துப் போகப் பழகிவிட்டால் சி.எல் (சர்ட்டிஃபிகேட்டட் லொகேஷன்) என்று கேரவன் கிளப்காரர்கள் சொல்லும் சின்ன இடங்களைத் தேடுங்கள். 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி கிளப்புகள் சான்று கொடுத்து நடப்பவை, ஐந்து கேரவனுக்கு மேல் நிறுத்தக் கூடாது. ஒரு விவசாயியின் புல்வெளி, ஒரு குழாய், பத்துப் பன்னிரண்டு ஆடு. அமைதி என்றால் அதுதான்.)

சமையல். தாராளமாகச் செய்யலாம், குக்கர் கேஸில் நன்றாகவே வேகும். தாளிப்பதுதான் விஷயம். கூரை தாழ்வு, ஸ்மோக் அலாரம் தலைக்கு மேலேயே இருக்கும், மிளகாய் கிள்ளிப் போட்டதும் கத்தும். அலாரத்தைக் கழற்றாதீர்கள், ஜன்னலைத் திறந்துவிட்டுத் தாளியுங்கள். இன்னும் முக்கியம், குளிருகிறதே என்று சுவரிலும் தரையிலும் இருக்கும் காற்றுத் துளைகளைத் துணி வைத்து அடைக்கவே கூடாது. கேஸ் எரியும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் வாசனை தெரியாது, ஆளைக் கொல்லும். அதற்கான அலாரம் இருக்கிறதா என்று போன உடனே பட்டனை அழுத்திப் பாருங்கள். கரண்டும் வீடு மாதிரி இல்லை. டூரிங் பிட்ச்சில் பல இடங்களில் 10 ஆம்பியர்தான், அதாவது 2,300 வாட். ரைஸ் குக்கரும் கெட்டிலும் ஒன்றாகப் போட்டு ஒரு மழை ராத்திரியில் நான் இருட்டாக்கியிருக்கிறேன். ஸ்டாட்டிக்கில் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும், இருந்தாலும் கெட்டில், ஹீட்டர், ரைஸ் குக்கர் மூன்றையும் சேர்த்துப் போடாதீர்கள். இட்லி மாவை அங்கே போய்ப் புளிக்க வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம், மே மாத ராத்திரியிலும் குளிரும். லண்டனிலேயே புளிக்க வைத்து ஐஸ் பெட்டியில் கொண்டுபோங்கள். மளிகையும் அப்படியே. சீஹவுஸஸ் ஊரில் பாலும் ரொட்டியும் கிடைக்கும், கறிவேப்பிலையை எதிர்பார்க்காதீர்கள்.

இனி கடல். நீங்கள் கேட்காத விஷயம், ஆனால் இதைத்தான் நிறுத்திச் சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்துக் கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கடல் ஏறுவதும் வற்றுவதும் பெரிய விஷயமாகத் தெரியாது, அங்கே வித்தியாசம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். நார்தம்பர்லாந்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நாலு மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். காலையில் அரை மைல் நடந்து அலையைத் தொட்ட இடம் மதியம் ஆளை மூழ்கடிக்கும் ஆழத்தில் கிடக்கும். ஏறி, வற்றி, மறுபடி ஏற ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் ஆகும், அதனால் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே உங்கள் பயணத் திட்டத்தைக் கடிகாரம் பார்த்துப் போடாதீர்கள், கடல் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்த்துப் போடுங்கள். மீதி எல்லாம் தானாக அமையும்.

ஹோலி ஐலண்ட்தான் இதற்குச் சரியான உதாரணம். லிண்டிஸ்பார்ன் என்றும் சொல்வார்கள். 635இல் ஏய்டன் என்ற துறவி மடம் கட்டிய தீவு, 793இல் வைக்கிங்குகள் கொள்ளையடித்தது இங்கேதான். பீல் என்ற இடத்தில் ஏ1ஐ விட்டுத் திரும்பினால் கடலின் அடித்தரை மேலேயே போட்ட தார்ச்சாலையில் தீவுக்கு ஓட்டலாம். அந்தச் சாலை தினமும் இரண்டு முறை கடலுக்கு அடியில் போய்விடும். கவுண்டி கவுன்சில் பாதுகாப்பாகக் கடக்கும் நேரங்களைத் தேதிவாரியாக வெளியிடுகிறது, சாலையோரத்திலும் ஒட்டியிருக்கும். அந்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் தாண்டினாலும் போகாதீர்கள், 'தண்ணி கணுக்கால் அளவுதானே' என்று நினைத்துப் போகிற கார்கள் ஒவ்வொரு வருடமும் நடுவில் நின்றுவிடுகின்றன, ஆட்கள் உயரக் கம்பங்களின் மேல் கட்டிய மரக் கூண்டில் ஏறி உட்கார்ந்து மீட்புப் படகுக்குக் காத்திருப்பார்கள். நான் முதல் தடவை இருபது நிமிடம் தாமதமாகப் போனேன். சாலை இருந்த இடத்தில் கடல். புளிச்சோற்றைப் பிரித்துக் காரிலேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

உங்களுக்கு ஒரு சுலபமான கணக்கு சொல்கிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அங்கே கடல் பெரும்பாலும் பிற்பகலில் நிறையும், அதனால் பகலின் நடுவில் சாலை மூடிவிடும். அரைநிலா நாட்களை ஒட்டித்தான் மதியத்திலிருந்து சாயங்காலம் வரை சாலை சாவகாசமாகத் திறந்திருக்கும், ஏற்றமும் குறைவு. அதாவது தினசரி காலண்டரில் அஷ்டமி, நவமி. அம்மா அந்த இரண்டு நாளும் எங்கேயும் கிளம்பக் கூடாது என்பார்தான். இந்த ஒரு தீவுக்கு மட்டும் விதிவிலக்கு கேட்டு வாங்குங்கள். காலண்டர் நாள் தேர்ந்தெடுக்க மட்டும்தான், மணி நேரத்துக்குக் கவுன்சில் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். தீவில் அம்மாவால் நடக்க முடிகிற தூரத்திலேயே மடத்தின் சிவப்புக்கல் இடிபாடுகள் இருக்கின்றன. கோட்டை சற்றுத் தள்ளி, கடைசி ஏற்றம் செங்குத்து, அவரை அதன் கீழேயே உட்கார வைக்கலாம். பழைய மீன்பிடிப் படகுகளைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்து சாமான் கொட்டகையாக வைத்திருப்பார்கள், அம்மாவுக்கு அதுதான் பிடிக்கும் என்று பந்தயம் கட்டுவேன். கம்பம் நட்ட யாத்திரைப் பாதை ஒன்றும் சேற்றில் போகிறது, மூன்று மைல், இந்தத் தடவை வேண்டாம்.

மே கடைசி என்பது பஃபின் பறவைகளுக்கு நல்ல நேரம். சீஹவுஸஸ் துறையிலிருந்து பார்ன் தீவுகளுக்குப் படகு போகும். விடுமுறை வாரம் என்பதால் முன்பே டிக்கெட் எடுத்துவிடுங்கள். தீவில் இறங்க, அதைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்குத் தனிக் கட்டணம், உறுப்பினருக்கு இல்லை. இறங்கினால் தொப்பி கட்டாயம், கேலிக்குச் சொல்லவில்லை. ஆர்க்டிக் ஆலாக்கள் பாதையோரத்திலேயே முட்டை வைத்திருக்கும், மேலிருந்து பாய்ந்து மண்டையில் கொத்தும், ரத்தம் வரும். ஆறு வயதுக் குழந்தை பயந்துவிடும், முன்பே சொல்லி வையுங்கள். அம்மாவுக்குப் படகுத்துறைப் படிகள் கஷ்டம், கடல் வற்றிய நேரத்தில் பாசி பிடித்து வழுக்கும். அவரும் வருவதாக இருந்தால் இறங்காமல் சுற்றி வரும் படகைப் பிடியுங்கள், கடல்நாய்கள் பாறையில் படுத்திருப்பதும் லாங்ஸ்டோன் கலங்கரை விளக்கமும் உட்கார்ந்தபடியே தெரியும். 1838 செப்டம்பரில் ஃபோர்ஃபார்ஷயர் என்ற கப்பல் உடைந்தபோது, அந்த விளக்கின் காவலர் மகள் கிரேஸ் டார்லிங் அப்பாவோடு துடுப்புப் படகில் போய் ஆட்களைக் காப்பாற்றியது அங்கேதான். அப்போது அவளுக்கு 22 வயது. நாலே வருடத்தில் காசநோயில் இறந்துபோனாள், கல்லறை பாம்பரோவில். பக்கத்திலேயே அவள் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது, பெரிய பிள்ளைக்கு அது பிடிக்கும்.

கோட்டை பார்க்க பாம்பரோ போதும். ஆனால் எனக்குப் பிடித்தது டன்ஸ்டன்பரோதான். 1313இல் லங்காஸ்டர் பிரபு தாமஸ் கட்டத் தொடங்கினார், 1322இல் அவர் தலையையே வெட்டிவிட்டார்கள். கிராஸ்டர் துறையிலிருந்து புல்வெளியில் ஒன்றேகால் மைல் நடக்க வேண்டும், வண்டி போகாது. நீங்கள் நடந்துவிட்டு வரும்வரை அம்மா துறையில் உட்கார்ந்திருக்கலாம், அங்கே ஹெர்ரிங் மீனைப் பிளந்து உப்புநீரில் ஊற வைத்து ஓக் மரத்தூள் புகையில் தொங்கவிடும் கொட்டகை இருக்கிறது. கிப்பர் என்பார்கள். கருவாடு இல்லை, காயவைப்பதில்லை, புகை ஏற்றுவது மட்டும்தான். ஒரு ஜோடி வாங்கினால் கேரவனுக்குள் வறுக்காதீர்கள், திரைச்சீலையில் வாசனை ஏறினால் சுத்தம் செய்யத் தனிப்பணம் கேட்பார்கள். உயரமான ஜாடியில் வால் மேலே தெரிய வைத்து, கொதிக்கிற தண்ணீரை நிரப்பிப் பத்து நிமிடம் மூடி வையுங்கள், வெந்துவிடும். எலுமிச்சை பிழிந்து பழையசோற்றோடு தின்றால் அம்மா அடுத்த ஜோடி கேட்பார்.

குளிக்கலாமா என்றால், மே மாதத்தில் அந்தக் கடல் 10 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கால் நனைக்கலாம். திடீரென்று உள்ளே விழுந்தால் மூச்சுத் திணறும். நீந்தப் போராடாமல் மல்லாந்து மிதந்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் மூச்சு சீராகும் என்று பெரிய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். ஆபத்து என்றால் 999 அழைத்துக் கோஸ்ட்கார்டு (Coastguard, கடலோர மீட்புப் படை) என்று கேளுங்கள். சின்னவன் விளையாட லோ நியூட்டன் பரவாயில்லை, எதிரில் பாறைத்திட்டு அலையைத் தடுக்கும். கார் மேலேயே நிறுத்திவிட்டு இறங்க வேண்டும். பீட்னெல் வளைகுடா மணலில் லாங் நேனி என்ற ஓடை சேரும் இடத்தில் ஆலாக்கள் கூடு வைத்திருக்கும், கயிறு கட்டிய எல்லைக்குள் பிள்ளைகளை விடாதீர்கள்.

ஒரு நாளாவது பனிமூட்டம் வரும். சூடான காற்று குளிர்ந்த கடல்மேல் வந்து மூடுபனியாகிக் கரையை விழுங்கிவிடும், ஊர்க்காரர்கள் ஃப்ரெட் என்பார்கள். ஐந்தாறு மைல் உள்ளே போனால் பளிச்சென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு ஆனிக் போய்விடுங்கள். பழைய ரயில் நிலையத்தில் பார்ட்டர் புக்ஸ் என்று ஒரு பழைய புத்தகக் கடை, அலமாரிகளுக்கு மேலே பொம்மை ரயில் ஓடும், கணப்பு எரியும், அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு இரண்டு மணிநேரம் தொலைந்துபோகலாம்.

அந்த வாரத்தில் அங்கே காலை நாலரை மணிக்கெல்லாம் சூரியன் வந்துவிடும், ராத்திரி ஒன்பதரை வரை வெளிச்சம், கேரவன் திரைகள் மெலிசு. பிள்ளைகள் அறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணியும் துணி கிளிப்பும் எடுத்துப் போங்கள். சைட்டில் ராத்திரி பத்து, பதினொன்றுக்கு மேல் சத்தம் கூடாது, சுவர் அட்டை மாதிரிதான் இருக்கும். அம்மா ஊருக்கு வீடியோ கால் போடுவது நம்ம நேரம் ராத்திரி என்றால் உள்ளே உட்கார்ந்து மெதுவாகப் பேசச் சொல்லுங்கள். அதுவும் சிக்னல் கிடைத்தால்தான்.